செருப்பு வார்

ஏப்ரலில் சுரின் மாகாணத்துச் சாலைகளில்
தார் இளகி டயரோடு வரும்.
அந்த வெயிலில்தான் வருஷா வருஷம்
இருபத்தொரு வயதுக்காரர்களைக் கூப்பிட்டு
சீட்டு எடுக்கச் சொல்கிறார்கள்.
சிவப்பு வந்தால் இரண்டு வருஷம் பட்டாளம்.
கறுப்பு வந்தால் வீடு.
அந்த ஒருநாள் மட்டும் எங்களுக்குக்
கறுப்புதான் மங்கல நிறம்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் நூற்றுப் பதினெட்டுப் பேர்.
சட்டையைக் கழற்றி மார்பளவு எடுத்து
கையில் பேனாவால் எண் எழுதினார்கள்.
எனக்கு அறுபத்தொன்று.
சிவப்புச் சீட்டு முப்பத்தாறு என்று
ஒலிபெருக்கி சொன்னதும்
வேலிக்கு வெளியே அம்மாக்கள்
விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

அரிசி ஆலைக்காரர் மகன் கிரிட் வரவில்லை.
பள்ளியிலேயே மூன்று வருஷம்
சனிக்கிழமைதோறும் ராணுவப் பயிற்சிக்குப் போனவன்,
அவனுக்கு விலக்கு.
நானும் போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை.
சீருடைக்கும் பூட்ஸுக்கும் பணம் வேண்டும்.
சனிக்கிழமை டயர் கடையில் இருநூறு பாட் கூலி.
போகாதே என்று அப்பா சொல்லவில்லை.
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.
இதை என் முடிவு என்று எழுதுவதா
அவர் முடிவு என்று எழுதுவதா,
இன்னும் பிடிபடவில்லை.

எனக்குப் பின்னால் வாரோட்.
மனைவிக்கு எட்டு மாதம்.
வேலிக்கு அந்தப் பக்கம்
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.
"பெண் குழந்தையாம்" என்று
காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டான்.

எனக்கு முன்னால் தொடர்ந்து ஏழு பேருக்குக் கறுப்பு.
ஏழாவது ஆள் மேஜைமேலேயே மயங்கிச் சரிந்தான்,
சந்தோஷத்தில்.
ஏழு கறுப்பு போய்விட்டது,
அடுத்தது சிவப்பாகத்தான் இருக்கும் என்று
கணக்கில் ஒருநாளும் தேறாத நான்
கணக்குப் போட்டேன்.

குனிந்தேன்.
வார் அறுந்துவிட்டது என்றேன்.
அண்ணனின் பழைய செருப்பு,
அறுந்தால் அதிசயமில்லை.
"அடுத்தவன் வா!" அதிகாரி கத்தினார்.
சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது,
எண்ணை யாரும் பார்க்கவில்லை.
வாரோட் என்னைத் தாண்டிப் போய்
வெறுங்கையை உயர்த்திக் காட்டி
ஜாடிக்குள் விட்டான்.

சிவப்பு.

வேலிப்பக்கம் வாளி உருளும் சத்தம்.
அடுத்து நான்.
கறுப்பு.

புத்தர் கோயிலில் மந்திரித்த நூல்தான்
காப்பாற்றியது என்றாள் அம்மா,
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.
என் செருப்பு ராசியானது என்றான் அண்ணன்.
அப்பா பேசாமல் போய் இரண்டு பீர் வாங்கி வந்தார்.
வார் அறவே இல்லை என்பதை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் விரல் ஜாடியில் வேறு மூலையைத் துழாவியிருக்கலாம்.
அந்தச் சிவப்பு அவனுக்கும் வராமல்
அறுபத்தைந்தாவது ஆளுக்குப் போயிருக்கலாம்.
இரவில் இப்படியெல்லாம் வக்கீல் வைத்துப் பார்த்தேன்.
வக்கீலும் நானேதான்.

வருஷம் ஒன்பது ஆகிறது.
வாரோட் பட்டாளச் சமையலறையில் கற்றுவந்ததை வைத்து
பேருந்து நிலையத்தருகே நூடுல்ஸ் கடை போட்டான்.
இப்போது இரண்டாவது கடை.
"அன்று கறுப்பு வந்திருந்தால்
கரும்பு வெட்டிக்கொண்டிருப்பேன்" என்று சிரிக்கிறான்.
மகள் முதலில் நடந்ததைத்
தொலைபேசியில் கேட்டவன்,
அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் அதே டயர் கடை.
முதலாளி மட்டும் மாறினார்.
கொரியா வேலைக்கு வாங்கிய படிவம்
கறுப்புச் சீட்டோடு
ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது.
அதை நிரப்புவதற்கு
எந்த ஜாடியிலும் கைவிட வேண்டியதில்லை.

நேற்று அவன் மகள்
சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தாள்.
ஐந்து பாட் நாணயத்தை நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
"ஏன் வாங்கலைன்னு அப்பா கேப்பாரே?"

குனிந்தேன்,
வால்வு மூடியைத் தேடுவதுபோல.
அது என் கையிலேயே இருந்தது.